ரயில், ரெயில், இரயில், தீவண்டி: பழைய தாள்களில் ஒரு சொல்லைத் தேடுவது எப்படி?

ஒரு சொல் பழைய இதழ்களில் எந்த வடிவில், எத்தனை முறை வருகிறது என்று தேடி எண்ணுவதைப் பற்றி செங்கோட்டை, தென்காசி, புனலூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவை. கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904இல் திறந்த ஊர்கள் என்பதால் எல்லாரும் பிடித்துக்கொண்ட சொல் ரயில்.

கே: அண்ணாச்சி, மின்னூலகத்தில் ‘ரயில்’ என்று போட்டால் பழைய இதழ்களில் ஒன்றிரண்டுதான் வருது. அப்போ யாரும் எழுதலையா?

எழுதினார்கள் தம்பி, நீங்கள் தேடிய எழுத்தில் எழுதவில்லை. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்தை மதித்தவர் இரயில் என்று போட்டார். தினத்தந்தி இன்றும் ரெயில்தான். புகைவண்டி, புகைரதம் உண்டு. இலங்கை இதழென்றால் புகையிரதம். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுங்கள். முழுச்சொல் போடாமல் ‘ரயி’ என்று நிறுத்தினால் ரயிலடி, ரயிலுக்கு எல்லாம் சிக்கும். ‘ரயில்வே’யை மட்டும் பிரித்து எண்ணுங்கள். அது கம்பெனிப் பெயரோடு ஒட்டி வருவது; பேச்சு வழக்குக்குச் சான்றாகாது.

இன்னொரு வில்லங்கம், பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் (OCR). பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே உருவம். அதனால் ரயில் ‘ாயில்’ ஆகிக் கிடக்கும். அப்படித் தேடினால் வாயிலும் சேர்ந்து வரும், தள்ளிவிட வேண்டியதுதான். ‘நிலையம்’ இதைவிட மோசம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, னை, ணை, ளை நான்கும் தும்பிக்கை வளைந்த வடிவில் அச்சானவை. மென்பொருள் அதைக் கண்டபடி படிக்கும். 1935 முதல் புது வடிவில் அச்சிட்ட ‘குடி அரசு’ போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. வெறும் படமாக ஏற்றிய இதழ்களில் எந்தத் தேடலும் எடுபடாது. பக்கம் புரட்டியே ஆகணும்.

கே: தலைப்பில் ‘குரோதி, கார்த்திகை’ என்று மட்டும் இருக்கு. எந்த வருசம்?

குரோதி 60 வருசத்துக்கு ஒருமுறை வரும்: 1844, 1904, 1964, 2024. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) என்பதால் பக்கத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது ஆவணியில் பிறக்கும் மலையாள ஆண்டு, இருக்கிறதா பாருங்கள். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. 1080 கார்த்திகை என்றால் 1904. அதே 1080இன் பங்குனி 1905க்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் 825 கூட்டி ஒரு வருசம் பிசகுவதுதான் வழக்கமான தப்பு.

கே: எங்க ஆச்சி ‘தீவண்டி’ என்பாங்க. அது மலையாளமா, தமிழா?

மலையாளத்தில் புழங்கும் சொல்தான். ஆனால் தீயும் வண்டியும் இரண்டு மொழிக்கும் பொது. உருவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அச்சில் கண்டால் எந்த ஊர்ச் செய்தி, மலையாளத்திலிருந்து பெயர்த்த அறிவிப்பா, வாசகர் கடிதமா என்று குறியுங்கள். புனலூர்ச் செய்தியில் மட்டும் வந்து மதுரைச் செய்தியில் வராவிட்டால் அது எல்லைப்புற வழக்கு.

கே: எல்லா இதழையும் படிக்க ஆயுசு பத்தாது. எவ்வளவு பார்த்தால் போதும்?

ஐந்து வருசத்துக்கு ஒரு வருசம், எல்லாவற்றிலும் ஒரே மாதத்து ஒரு வாரம். தீபாவளி வாரம் வேண்டாம், விளம்பரம் பெருகிக் கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு வரவுக்கும் தேதி, பக்கம், அச்சிட்டபடியே எழுத்து, பிறகு இடம்: செய்தியா, விளம்பரமா, கதையில் வரும் பேச்சா. பிழையைத் திருத்தி எழுதினால் வேலையே வீண். எத்தனை பக்கம் புரட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 8 பக்க இதழில் 4 முறை வருவதும் 40 பக்க இதழில் 4 முறை வருவதும் ஒன்றல்ல.

கே: புகைவண்டி தனித்தமிழ்க்காரர்கள் ஆக்கியதுதானே?

அந்த இயக்கம் 1916. அதற்கு முந்தைய சுதேசமித்திரனில் (1882இல் தொடங்கிய இதழ்) தேடுங்கள். ஒரே ஓர் இடம் கிடைத்தாலும் அந்த வாதம் விழுந்தது. கிடைக்காவிட்டால் நிரூபணமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். விட்டுப்போன இதழ்களின் பட்டியலைக் கூடவே போடுங்கள்.