வயதை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள்: அறிவியல் கேள்வி-பதில்

ஒரே அளவு ஜூஸ்தான். ஆனாலும் உயரமான கிளாசில் இருப்பதுதான் அதிகம் என்று என் ஐந்து வயது மகள் அடம் பிடிக்கிறாள். மந்தமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

மந்தமெல்லாம் இல்லை. அந்த வயதுக் கண்ணுக்கு உயரம் மட்டும்தான் தெரியும். ஏழு வயது வாக்கில் தானாகச் சரியாகும். அதுவரை அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வாங்குங்கள்.

பையனுக்கு சயின்ஸ் ஏறவே மாட்டேன் என்கிறது. எந்த ஆப் நல்லது?
– பெயரில்லை, ஊருமில்லை

என்ன வயது? எந்த கிரேடு? எந்தப் பாடம்? வயது எழுதாத கடிதத்துக்குப் பதில் கிடையாது என்று எத்தனை முறை சொல்வது?

களிமண் உருண்டையைத் தட்டினால் எடை மாறாது என்று மகனுக்குத் தெரிகிறது. ஆனால் தண்ணீரில் முக்கினால் தட்டையானதுதான் நீர்மட்டத்தை அதிகம் உயர்த்துமாம். கிரேடு 5, பத்து வயது.
– பீனிக்ஸ்

வயது எழுதியதற்கு நன்றி. பிள்ளைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே கண்ட வரிசையே இதுதான்: பொருளின் அளவு மாறாது என்பது ஏழு வயதில், எடை ஒன்பது வாக்கில், கன அளவு (அது அடைக்கும் இடம்) பதினொன்று, பன்னிரண்டில். உங்கள் பையன் சரியான இடத்தில்தான் நிற்கிறான். இப்போது அடர்த்திக்குச் சூத்திரம் கொடுத்தால் ஒப்பிப்பான், அவ்வளவுதான். அளவுக் குவளையும் களிமண்ணும் கொடுங்கள். போடுவதற்கு முன் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முதலில் ஊகம், பிறகு சோதனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது என்கிறாள் மகள் (கிரேடு 7). தப்பு என்றேன். இன்டர்நெட்டில் ஜனவரியில்தான் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டி என் வாயை அடைத்துவிட்டாள்.
– ஒரு தந்தை, டோங்காட்

இது என் பழைய புண். உங்கள் மகள் பார்த்தது உண்மை. ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. வட அரைக்கோளத்து ஆசிரியர் "பக்கத்தில் இருக்கும்போதுதானே நமக்குக் குளிர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தென் அரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு ஜனவரியில் உச்சக் கோடை, அதனால் தப்பான எண்ணத்துக்கு இங்கே சாட்சியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் நம் வகுப்புகளில் ஓடும் வீடியோவும் சுவரில் தொங்கும் படமும் அங்கே செய்தவை. பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்த்து நீட்டிய முட்டை மாதிரி வரைந்து வைக்கிறார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட வட்டம். அந்த முட்டையைப் பார்க்கும் பிள்ளை வேறென்ன நினைக்கும்? பிறையும் அப்படியே. வளர்பிறையில் நமக்கு இடப்பக்கம் ஒளிர்கிறது. பிள்ளையோ வானத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வலப்பக்கம் வண்ணம் தீட்டுகிறது, அதற்கு முழு மார்க்கும் போடுகிறார்கள்! கேட்டால் "புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது" என்பார்கள்.

மகளிடம் இதைக் கேளுங்கள்: தைப்பொங்கலன்று நாம் இங்கே வியர்த்து வழிந்து பானை வைக்கிறோம், அதே நாளில் தமிழ்நாட்டில் விடியற்காலைப் பனி. தூரம்தான் காரணமென்றால் இரண்டு ஊரும் கொதிக்க வேண்டாமா? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவள் திணறட்டும். அப்புறம் முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சி நடுங்கள். டர்பன் பக்கம் டிசம்பர் கடைசியில் நண்பகல் நிழல் ஒரு சாண்கூட வராது, ஜூன் கடைசியில் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். நிழலை அளந்த பிறகு, பருவங்களுக்கு உண்மைக் காரணமான பூமி அச்சின் சாய்வுக்கு வாருங்கள். சாய்வை மனதில் சுற்றிப் பார்ப்பது பன்னிரண்டு வயதில் பலருக்குக் கஷ்டம். பந்தும் டார்ச்சும் வேண்டும்.

பதினொரு வயதில் அருவச் சிந்தனை (கண்முன் இல்லாததையும் மனதில் வைத்து யோசிப்பது) தொடங்கும் என்று பயிற்சியில் படித்தோம். என் கிரேடு 9 வகுப்பில் பாதிக்கு மேல் அப்படி இல்லையே?
– ஆசிரியை, வெருலம்

தொடங்கும் என்றார்கள், முடிந்துவிடும் என்றா சொன்னார்கள்? 1970-களில் பிரிட்டனில் கல்வி ஆராய்ச்சியாளர் மைக்கேல் ஷேயரின் குழு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்தபோது, 16 வயதிலேயே மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் கட்டத்தை எட்டியிருந்தது. அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டாம். ஷேயரும் பிலிப் ஏடியும் 1980-களில் இரண்டு வாரத்துக்கு ஒரு சிந்தனைப் பயிற்சிப் பாடம் என்று இரண்டு ஆண்டு நடத்தினார்கள். பின்னால் பொதுத்தேர்வில் அறிவியல் மட்டுமல்ல, கணிதமும் ஆங்கிலமும்கூட உயர்ந்தன. உங்கள் வகுப்புக்கு நூலும் இரும்பு நட்டும் போதும்: ஊசலின் வேகத்தை மாற்றுவது நீளமா, எடையா? பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாக மாற்றுவார்கள். அந்தத் தப்பைப் பக்கத்துக் குழுவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இங்கேயும் முதலில் ஊகம்.

செடிக்குச் சாப்பாடு மண்ணிலிருந்து வருகிறது என்கிறான், கிரேடு 6.
– மெரிபேங்க்

பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்லுங்கள் (1648-இல் அச்சானது). தொட்டியில் வளர்ந்த வில்லோ மரம் ஐந்து ஆண்டில் 70 கிலோவுக்கு மேல் கூடியது, மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீர்தான் என்று அவர் முடிவு கட்டினார். காற்றை மறந்தது எங்கே என்று பையன் கண்டுபிடிக்கட்டும்.

சயின்ஸ் ப்ராஜெக்டை நானே செய்து கொடுக்கலாமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நீங்கள் எந்த கிரேடு?