டான்பரி டிராஷர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஏன் இரண்டே சீசனில் காணாமல் போனது?

கூட்டம் வராமல் மூடிய அணி இல்லை இது. உரிமையாளர் கைதானார், அணியும் முடிந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சிறிய ஊர் டான்பரி. அங்கே குப்பை அள்ளும் தொழிலில் கொழித்த ஜேம்ஸ் கலான்டே, 2004-இல் யுனைடெட் ஹாக்கி லீக் என்ற சிறிய தொழில்முறை லீகில் ஓர் அணியைத் தொடங்கினார். அணியின் பெயரும் தொழிலை வைத்துத்தான்; ‘டிராஷ்’ என்றால் குப்பை. நிர்வாகத்தை 17 வயது மகன் ஏ.ஜே. கையில் கொடுத்தார். பையனும் சும்மா இல்லை. அடிதடிக்குப் பெயர்போன ஆட்களாகத் தேடிப் பிடித்தான். சண்டை பார்க்கவே அரங்கம் நிறைந்தது. முதல் சீசனில், வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்எச்எல், அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறால் (லாக்அவுட்) முடங்கிக் கிடந்ததால், மைக் ரப் போன்ற என்எச்எல் வீரரும் இங்கே வந்து ஆடினார்.

சரி, சிக்கல் எங்கே? லீகில் ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. கலான்டே அதை மீற எடுத்த வழி எளிமையானது: வீரர்களையும் சிலரின் மனைவிகளையும் தன் குப்பை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிட்டார். வேலைக்கு வரவே வேண்டாம், காசோலை மட்டும் வரும்!

ஆனால் எஃப்பிஐ அவரைக் கவனித்தது ஹாக்கிக்காக அல்ல. குப்பை வியாபாரத்தில் போட்டியே இல்லாதபடி வாடிக்கையாளர்களைப் பங்குபோட்டு, நியூயார்க் மாஃபியாவுக்குக் கப்பம் கட்டிய விவகாரம்தான் முதன்மை. அதைத் தோண்டியபோது இந்தச் சம்பள மோசடியும் வெளிவந்தது. 2006-இல் இறுதிப் போட்டித் தொடர் வரை போய் கலமசூ விங்ஸிடம் தோற்றது அணி. அந்த ஜூனிலேயே கைது. 2008-இல் அவருக்கு 87 மாதச் சிறை.

அப்புறம் 2010-இல் அதே அரங்குக்கு டான்பரி வேலர்ஸ் என்ற வேறோர் அணி வந்தது.