இறகு பார்த்துக் கோழி வாங்கலாமா?

இணையத்தில் பார்த்து பத்து கருங்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். மூன்று மாதத்தில் நான்கின் கழுத்தில் பொன்னிற இறகு முளைத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? – தாராபுரம் வாசகர்

இறகை விடுங்கள், காலைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத் என்கிற கருங்கோழியில் முழுக் கருப்பு, கோடு விழுந்தது, பொன்னிறம் என மூன்று வகை உண்டு. கழுத்தில் பொன் ஓடுவது குற்றமில்லை. கொண்டை, தோல், கால், நாக்கு இவை கருப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ இருக்க வேண்டும். இறகு கருகருவென்று இருந்து, கால் மஞ்சளாகவும் தோல் வெளுத்தும் இருந்தால்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம், முட்டை கருப்பாக இல்லையே என்று யாரும் எழுத வேண்டாம். அது வெளிர் பழுப்புதான்.

முட்டைக்கு வந்த வெடை (இளம் பெட்டை) என்று சொன்னதால் ஆறு பெருவிடை நாட்டுக்கோழி வாங்கினேன். இப்போது இரண்டு கூவுகின்றன. – ஒட்டன்சத்திரம் வாசகி

வாருங்கள், நானும் அந்தச் சங்கத்து ஆள்தான். “கொண்டை சின்னது சார், பெட்டைதான்” என்று சந்தையில் ஒருவர் சொன்னதை நம்பி ஒரு ஜோடி வாங்கினேன். பத்தாம் நாள் விடிகாலையில் இரண்டும் போட்டி போட்டுக் கூவின. எதிர்வீட்டுக்காரர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

பெருவிடை, அசில் போன்ற சண்டைக் கோழி வகைக்கு மொட்டுக் கொண்டை. இளம் சேவலுக்கே அது பெரிதாக எழும்பாது. வாலுக்கு முன்னால், முதுகின் கடைசியில் இறகைப் பிரித்துப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய சேவலுக்கு அங்கே ஒடுங்கிய, நுனி கூரான, பளபளக்கும் இறகு வரத் தொடங்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். கழுத்திறகுக்கும் இதே கணக்கு.

முட்டைக்கு வந்ததா என்பதற்கு இறகு சாட்சி சொல்லாது. எச்சம் போடும் வாய்க்குக் கீழே இருபுறமும் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் முட்டையிடுகிறது, அல்லது இடப்போகிறது. ஒரு விரல்தான் என்றால் நாளிருக்கிறது. அசிலுக்கு ஏறத்தாழ ஆறரை மாதம் ஆகும். ஐந்து மாதத்திலேயே முட்டை என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள்.

பள்ளி வாசலில் பச்சை நிறக் குஞ்சு வாங்கினோம். வளர்ந்தாலும் நிறம் நிற்குமா?

சாயம். சில வாரத்தில் புது இறகு முளைத்துப் பச்சை போய்விடும். அநேகமாக முட்டைக்கோழிப் பண்ணையில் கழித்துவிட்ட ஆண் குஞ்சு. முட்டைக்கும் காத்திருக்காதீர்கள்.

ஒரு மாதக் கோழிக் குஞ்சு, நிறவாரியாக: மயில் 500 ரூபாய், கீரி 350, கருப்பு 300 என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எதை வாங்கலாம்? – பரமத்தி வாசகர்

எதையும் வாங்க வேண்டாம். இதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்தேன், மாட்டிக்கொண்டீர்கள். ஒரு மாதக் குஞ்சுக்கு நிறம் சொல்லி விலை வைப்பது, தொட்டில் பிள்ளைக்கு மீசை அளப்பது போல.

பொரிக்கும்போது உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு. ஐந்தாறு வாரத்துக்குள் அது போய் முதல் இறகு வரும். அதுவும் நிற்காது; உதிர்ந்து முளைத்து, மறுபடி உதிர்ந்து முளைத்து, ஐந்தாறு மாதத்தில்தான் சேவல் தன் சொந்த நிறத்துக்கு வரும். முதுகில் அணில் கோடு போட்ட குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். சேவலாக வளர்ந்தால் செம்பொன் கழுத்து, கருப்பு நெஞ்சு. பெட்டையானால் மண் பழுப்பு. ஒரே கோடுதான், இதில் எதற்கு 500 ரூபாய்?

கருப்பில் தலைகீழ் ஏமாற்று நடக்கும். கருப்பாக வளரப்போகும் குஞ்சுக்குப் பெரும்பாலும் வயிறு வெளுத்திருக்கும், இறக்கை நுனியிலும் வெள்ளை தெரியும். அதைக் காட்டி, “கலப்பு” என்று நல்ல குஞ்சை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகும் தரகர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளை பின்னால் உதிர்ந்துவிடும், வளர்த்தவருக்குப் போன காசு வராது.

விற்பவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை, சரி. பாதிப் பேருக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாத நிறத்துக்கு எதற்குக் கூடுதல் பணம்? தாயையும் தகப்பனையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பேசலாம். படம் அனுப்புகிறேன் என்றால் அந்தப் படத்தையே வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளங்கோழி என்று கொடுத்தது வேகவே இல்லை.

நெஞ்செலும்பின் பின்முனையை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். வளைந்தால் இளசு, கட்டையாக இருந்தால் முற்றல். காலில் செதில் சொரசொரவென்று தூக்கியிருந்தாலும் கிழடுதான். குழம்பு கொதித்த பிறகு எனக்கு எழுதி என்ன பயன்?

தடுப்பூசி போட்டது என்றார்கள். நகையை அடகு வைத்து 100 குஞ்சு வாங்கினேன். வெள்ளைக்கழிச்சல் நோயில் 70 போய்விட்டன. விற்றவர் போனை எடுப்பதில்லை. – பெயர் வேண்டாம்

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. குஞ்சின் இறகைப் பார்த்துத் தடுப்பூசியைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இனி ஒன்று செத்தாலும் புதைக்காமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பரிசோதித்து முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பணம் அனுப்பிய விவரம், “தடுப்பூசி போட்டது” என்று வந்த செய்தி, விளம்பரம் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மனுவில், “பிழைப்புக்காக நானே வளர்க்கிறேன்” என்று மறக்காமல் எழுதுங்கள். வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

மீதி முப்பதையும் வீட்டுக் கோழிகளோடு சேர்க்காமல் தனியாக அடையுங்கள். அடகுச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். இழப்பைக் கணக்குக் காட்டும்போது அந்த வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.