15 இருந்த இடத்தில் 30: காரின் ஃபியூஸ் எதைக் காக்கிறது?

கேள்வி: யாங்கூனில் வசிக்கிறேன். 2006ஆம் ஆண்டின் டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் வைத்திருக்கிறேன். மின்வெட்டு நேரங்களில் காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 300 வாட் இன்வெர்ட்டரைச் சொருகி, வீட்டுக்குள் வயர் இழுத்து, மேசை விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓட்டுவோம். சாக்கெட் அடிக்கடி வேலை செய்யாமல் போனதால், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நீல நிற ஃபியூஸை எடுத்துவிட்டுப் பச்சை நிறத்தில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போவதில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் சாக்கெட் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாசனையும் வருகிறது. இப்படியே பயன்படுத்தலாமா? ஃபியூஸை நானே மாற்ற முடியுமா? ஃபியூஸ் பெட்டியின் மூடியில் இருப்பதெல்லாம் ஜப்பானிய எழுத்தாக இருக்கிறது.

பதில்: பயன்படுத்தக் கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பச்சை நிற ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். சாக்கெட் வேலை செய்யாது என்பதைத் தவிர வேறு நட்டம் பெரும்பாலும் இராது. கருகும் வாசனை வந்துவிட்ட வண்டியில் அந்த ஃபியூஸை ஒரு நாள்கூட விட்டுவைப்பது சரியல்ல.

ஃபியூஸ் இருப்பது சாக்கெட்டில் சொருகும் கருவியைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது வயரை. பேட்டரியிலிருந்து சாக்கெட்டுவரை டாஷ்போர்டுக்குள் ஓடும் வயரின் தடிமனுக்கு எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குள் அடங்கும்படியே தயாரிப்பாளர் 15 ஆம்பியர் என்று நிர்ணயித்திருக்கிறார்; உங்கள் நீல ஃபியூஸ் அந்த 15, பச்சை ஃபியூஸ் 30. ஒர்க்‌ஷாப்பில் ஃபியூஸை மட்டும் 30 ஆக்கினார்களே தவிர, வயர் அதே பழைய வயர்தான். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆகையால் 15 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் ஓடினால் வெப்பம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். கார் வயர்களின் சாதாரண பிவிசி உறை 80 முதல் 105 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்படுகிறது. ஏப்ரல் மாத யாங்கூன் வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டுக்குள், வயரில் மின்சாரம் ஓடத் தொடங்கும் முன்பே அந்த எல்லையில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

உங்கள் நீல ஃபியூஸ் ஏன் உடனே போகாமல், சிறிது நேரம் ஓடிய பிறகு போனது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விசிறியும் தொலைக்காட்சியும் சேர்ந்து 200 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டருக்குள் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். ஆகவே பேட்டரி தர வேண்டியது ஏறக்குறைய 222 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் பதினெட்டரை ஆம்பியர் வருகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் 15ஐத் தாண்டிய நொடியே உருகிவிடுவதில்லை. தகடு வகை ஃபியூஸ் தன் அளவுக்குப் பத்து விழுக்காடு கூடுதலாக ஓடினாலும் நூறு மணி நேரம் தாங்க வேண்டும் என்றும், அளவைப் போல் இரண்டு மடங்கு ஓடினால் சில நொடிகளுக்குள் உருக வேண்டும் என்றும் விதி வகுத்தே அதைத் தயாரிக்கிறார்கள். உங்கள் சுமை இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்ததால், ஃபியூஸ் மெல்லச் சூடேறிப் பிறகு உருகியது. அது பழுதல்ல, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. இப்போது அதே பதினெட்டரை ஆம்பியர் 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் போகிறது. அந்த ஃபியூஸுக்கு அது லேசான சுமை. சாக்கெட்டுக்கும் வயருக்கும் அது அளவு மீறிய சுமை. டொயோட்டா வண்டிகளில் பலவற்றின் சாக்கெட் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள்; அதாவது 10 ஆம்பியர்தான். 300 வாட் இன்வெர்ட்டர் அந்தச் சாக்கெட்டுக்கு உரிய கருவியே அல்ல.

வயரைவிடச் சாக்கெட்டின் தொடுமுனைதான் முதலில் சுடும். இன்வெர்ட்டர் பிளக்கின் நுனியில் உள்ள சிறு ஸ்பிரிங் முனை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால் அங்கே தடை அதிகம். அந்தச் சூடு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கி, தொடுதலை இன்னும் தளர்த்தும். தளரத் தளரச் சூடு ஏறும். நீங்கள் நுகர்ந்த வாசனை அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். என்றாலும் அதைக் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். சாக்கெட்டைக் கழற்றி, பின்புறக் கனெக்டர் பழுப்பேறி இருக்கிறதா, வயரின் உறை விறைத்தோ ஒட்டிக்கொண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சாக்கெட்டோடு அந்த வயர்த் துண்டையும் மாற்றிய பிறகே புது ஃபியூஸ் போட வேண்டும்.

ஃபியூஸை நீங்களே மாற்றலாம். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. பொறுமை மட்டும் வேண்டும். வண்டியை நிறுத்தி, சாவியை வெளியே எடுத்து, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக இரண்டு ஃபியூஸ் பெட்டிகள் இருக்கும். ஒன்று ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே டாஷ்போர்டின் கீழே. மற்றொன்று பானெட்டுக்குள், பேட்டரிக்கு அருகில். சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் உள்பெட்டியில் இருக்கும். 1970 முதல் மியன்மாரில் வலப்பக்கமாகவே வண்டி ஓட்டுகிறோம். ஆனால் நம்மிடம் உள்ள ஜப்பானிய வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முந்திச் செல்லும்போது தொல்லை தரும் இந்த அமைப்பு, சாலையோரம் நின்று ஃபியூஸ் பார்க்கும்போது மட்டும் உதவுகிறது: ஓட்டுநர் கதவு ஓரத்துப் பக்கம் திறப்பதால், குனிந்து வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் வண்டிகள் பாய்வதில்லை.

ஜப்பானிய எழுத்தைக் கண்டு தயங்க வேண்டாம். மூடியில் உள்ள படத்தில் விளக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், ஃபியூஸ்களின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கமாகவே அச்சிட்டிருப்பார்கள். ஆம்பியர் எண்ணும் நமக்குத் தெரிந்த எண்தான். சிகரெட் லைட்டருக்கு சி.ஐ.ஜி. என்றும், சில வண்டிகளில் ஏ.சி.சி. என்றும், உள்விளக்குக்கு டோம் என்றும், பிரேக் விளக்குக்கு ஸ்டாப் என்றும் இருக்கும். மூடியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கைகள் மாறி வந்த வண்டிகளில் மூடி தொலைந்துபோவது சாதாரணம்; தொலைந்தபின் எந்த இடத்தில் எந்த எண் இருக்க வேண்டும் என்று தெரியாமல், இருப்பதையே சரியென்று நம்பும் நிலை வந்துவிடும். உங்கள் வண்டியில் ஒருமுறை தவறான ஃபியூஸ் ஏறிவிட்டது. ஆகவே மற்ற இடங்களையும் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஃபியூஸை உருவுவதற்கான சிறு பிளாஸ்டிக் இடுக்கி பானெட் பெட்டியின் மூடிக்குள் செருகப்பட்டிருக்கும். அதனால் நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெட்டியின் தொடுமுனை விரிந்துவிடும், பிறகு நல்ல ஃபியூஸும் தளர்வாக உட்கார்ந்து சூடேறும். ஃபியூஸின் தலையில் எண் பொறித்திருக்கும். தகடு வகையில் நிறத்துக்கும் பொருள் உண்டு: ஏழரை ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெரிய மாக்ஸி வகையில் சிவப்பு என்பது 50 ஆம்பியரைக் குறிக்கும், நீலம் 60 ஆம்பியரைக் குறிக்கும். எண்ணைப் படித்த பிறகே கையில் எடுக்க வேண்டும். அளவிலும் சாதாரணம், மினி, உயரம் குறைந்த மினி என்று வகைகள் இருப்பதால், கடைக்குப் போகும்போது மாதிரிக்கு, உருகிப்போன ஃபியூஸ் ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது.

போன ஃபியூஸைக் கண்ணால் அடையாளம் காணலாம் என்றாலும், உள்ளே மயிரிழை போல விரிந்திருக்கும் வெடிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். தகடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும்; அவை சோதனைக்காகவே விடப்பட்டவை. சாவியைத் திருப்பி வைத்து, டெஸ்ட் லாம்பின் கவ்வியை வண்டியின் வெற்று உலோகத்தில் மாட்டி, முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் குறை அதற்கு முன்னால் இருக்கிறது, ஃபியூஸை மாற்றிப் பயனில்லை.

புது 15 ஆம்பியர் ஃபியூஸைப் போடும்போது அது எப்போது உருகுகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி விளங்கிவிடும். சாக்கெட்டில் எதுவும் சொருகாமலே, சாவியைத் திருப்பியதும் உருகினால் எங்கோ வயர் வண்டியின் உடம்பைத் தொடுகிறது, அல்லது சாக்கெட்டின் அடியில் ஓர் ஊசியோ, உடைந்த சார்ஜரின் உலோக நுனியோ கிடக்கிறது. கருவியைச் சொருகியதும் உருகினால் குறை கருவியில். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் உருகினால், உறை தேய்ந்த வயர் ஆட்டத்தில் எங்கோ உரசுகிறது. வண்டி பல நாள் நின்ற இடத்தில் எலி கடித்திருக்கவும் கூடும். தண்ணீர்த் திருவிழாவின்போது கண்ணாடி இறக்கிய வண்டிக்குள் வாளி வாளியாக நீர் வந்திருந்தாலோ, மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓட்டியிருந்தாலோ, ஃபியூஸ் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். களிம்பு ஃபியூஸை உருக்காது; தடையைக் கூட்டிப் பெட்டியைச் சுட வைக்கும்.

ஷார்ட் எங்கே என்று தேடுவதற்கு ஃபியூஸுக்கு மேல் ஃபியூஸாகப் போட்டு எரிக்க வேண்டியதில்லை. பிரேக் விளக்கின் 21 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் இணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளிலும் செருகுங்கள். சாக்கெட் காலியாக இருக்கும்போது பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பல்பே மின்னோட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடுவதால் வயருக்கு ஆபத்தில்லை. பிறகு வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்ப் மங்குகிறதோ அல்லது அணைகிறதோ, குறை அந்த இடத்துக்கு அருகில்தான்.

அவசரத்துக்கு என்று சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியைக் கட்டி வைப்பதும் நம் சாலைகளில் இன்னும் நடக்கிறது. 30 ஆம்பியர் ஃபியூஸாவது ஓர் எல்லையில் உருகும். கம்பிக்கு எல்லையே இல்லை. வழியில் கையில் ஃபியூஸ் இல்லாவிட்டால், அப்போதைக்குத் தேவையற்ற வேறொரு இடத்திலிருந்து அதே எண்ணோ அதைவிடக் குறைந்த எண்ணோ உள்ளதை எடுத்துப் போடலாம். பிரேக் விளக்கு, முகப்பு விளக்கு, எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடக் கூடாது.

மின்வெட்டுக்கு வழி வேண்டுமல்லவா? இன்வெர்ட்டரைச் சாக்கெட்டில் சொருகாமல், 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயரால் பேட்டரியோடு நேரே இணையுங்கள். அந்த வயருக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். அதை பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. அளவு இன்வெர்ட்டரின் கையேட்டில் இருக்கும். 300 வாட் கருவிக்குப் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். எஞ்சினை அணைத்துவிட்டுப் பதினெட்டு ஆம்பியர் இழுத்தால் சிறு காரின் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அதற்காக மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

உங்கள் கையில் விட முடியாத வேலைகள் இரண்டு. ஏர்பேக்குக்குரிய மஞ்சள் நிறக் கனெக்டர்களையும் அதன் ஃபியூஸையும் தொடும் வேலை. அங்கே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிக் குறைந்தது 90 நொடி காத்திருந்த பிறகே பயிற்சி பெற்றவர் கை வைக்க வேண்டும். இன்னொன்று, ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர்கள். அவற்றில் ஓடுவது 12 வோல்ட் அல்ல, உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். உங்கள் ப்ரோபாக்ஸில் சாக்கெட்டைச் சரிபார்த்து, நீல ஃபியூஸை மீண்டும் போட்டபின், அதில் கைபேசி சார்ஜர் போன்ற சிறு கருவிகளை மட்டும் சொருகுங்கள். சார்ஜர் மட்டும் இருக்கும்போதும் சாக்கெட் சுட்டாலோ ஃபியூஸ் உருகினாலோ, அந்த வயர் முழுவதையும் டாஷ்போர்டைத் திறந்து பார்க்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஃபியூஸை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.