ஞாயிறு மட்டும் மலை ஏறினால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 44. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 8 ஆகிவிடும். ஆள் ஒல்லிதான், தொப்பை மட்டும் உண்டு. போன மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் நண்பர்களோடு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறுகிறேன், மூன்று மணி நேரம் ஆகும். இது போதாதா டாக்டர்?

பதில்: அந்த மலையேற்றத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் ஒரே நாளில் 180 நிமிடம் செய்துவிடுகிறீர்கள். இதயத்துக்கு அது நல்லதுதான். ஆனால் சர்க்கரைக்குக் கணக்கு வேறு.

சாப்பிட்ட சாதம் சர்க்கரையாகி ரத்தத்தில் சேரும்போது, அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைதான். அதிலும் தொடையும் கெண்டைக்காலும் போன்ற பெரிய தசைகள். தசைக்குள் சர்க்கரை நுழைய ஒரு வாசல் உண்டு. இன்சுலின் வந்து தட்டினால் அது திறக்கும். தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் தட்டாமலேயே திறக்கும். நாள் முழுக்க மடக்கி வைத்த காலில் இந்த இரண்டாவது வழிக்கு வேலையே இல்லை. இன்சுலின் மட்டும் தட்டித் தட்டி ஓய்கிறது, போகப் போகத் தசை அதற்கும் காதுகொடுப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். தசை வாங்காத சர்க்கரையில் ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாகிறது, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக ரத்தத்துக்குத் திரும்புகிறது, வயிற்றிலும் படிகிறது. அதனால் எடை மெஷினை நம்பாமல் இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஒல்லி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நல்ல நடைக்குப் பிறகு தசை இன்சுலினுக்கு இணங்கி நடப்பது ஓரிரு நாள்தான். ஞாயிறு ஏறியதன் பலன் செவ்வாய் வாக்கில் தீர்ந்துவிடுகிறது. புதன் முதல் சனி வரை நீங்கள் மலையே ஏறாதவர் மாதிரிதான். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

பட்டறைக்காரர் ஒருவர் வந்தால் நான் முதலில் கணுக்காலைத்தான் பார்ப்பேன். சம்மணம் போட்டுப் போட்டு வெளிப்பக்க எலும்பின் மேல் தோல் கறுத்துக் காய்ப்புக் காய்த்திருக்கும். கெண்டைக்காலை அழுத்தினால் பஞ்சு போலிருக்கும். விரல்களோ இரும்பு. நாளெல்லாம் உழைத்த மனிதரிடம் போய் உடலுழைப்பு போதவில்லை என்று சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

எழுந்தால் வேலை கெடும் என்பீர்கள். சரி, இரண்டு நிமிடம் போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தவர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த நேரத்தைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் இன்சுலினும் நன்றாகக் குறைந்ததை 2012 இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உங்களுக்கு அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். நடக்க இடமில்லையா, நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது, முப்பது முறை தூக்கி இறக்குங்கள். டீயைப் பட்டறைக்கு வரவழைக்காமல் கடைக்கே போய்க் குடியுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் தெருவைச் சுற்றி வருவது எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் சர்க்கரை ஏறுகிற நேரமே அதுதான். மாலையில் தட்டுவடை செட் வேண்டாம் என்று சேலத்துக்காரரிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் நடந்துவிட்டு உட்காருங்கள். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துப் பத்தாக மூன்று முறை உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் வேலை கிடைக்கும்.

இதெல்லாம் மாத்திரை அளவுக்கு வருமா என்ற சந்தேகம் வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல நீரிழிவின் எல்லையில் நின்றவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம்.

மலை ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு ஈசிஜி எடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியும் ட்ரைகிளிசரைடும் மறுபடி பார்க்க வேண்டும். ஹெச்பிஏ1சி 6.5 ஐத் தொட்டுவிட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். அதுவரை அந்த மதிய நடையை ஒருநாள்கூட விடாதீர்கள்.