வாசகர் கேள்வி-பதில்: எல்லாம் அறிந்த காவலர் ஏன் பொம்மையாகத் தெரிகிறார்?

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கோட்டைக்குள் ஒளிந்து நுழையும் ஒரு கேமை, யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். காவலர்கள் ஆட்டக்காரரை ஒருபோதும் தவறவிடுவதில்லை. மிகக் குறுகிய வழியில் வந்து பிடித்துவிடுகிறார்கள். ஆனாலும் விளையாடிப் பார்த்தவர்கள் "உயிரே இல்லை" என்கிறார்கள். என்ன குறை? *(மாணவர், கோயம்புத்தூர்)*

பதில்: உங்கள் காவலர்களுக்குத் தேவைக்கு மேல் தெரிந்திருக்கிறது. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பது நிரலுக்கு எப்போதும் தெரியும். அதை அப்படியே காவலரிடம் கொடுத்துவிட்டால் அவர் தேட வேண்டியதில்லை, சந்தேகப்பட வேண்டியதில்லை, ஏமாறவும் வழியில்லை. கண்ணாமூச்சியில் விரலிடுக்கு வழியே பார்த்துக்கொண்டே எண்ணும் பிள்ளையோடு யாரும் இரண்டாவது முறை விளையாட விரும்புவதில்லை.

ஒவ்வொரு காவலருக்கும் தனியே ஒரு சிறிய நினைவை அமையுங்கள். ஆட்டக்காரரைக் கடைசியாகக் கண்ட இடம், கண்ட நேரம், அதில் அவருக்குள்ள உறுதி ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். அந்த நினைவுக்குள் செய்தி நுழையும் வழி கண்ணும் காதும் மட்டுமாக இருக்கட்டும். பார்வைக்கு ஒரு கோணமும் தூரமும் வைத்து, காவலரின் கண்ணிலிருந்து ஆட்டக்காரரின் உடல் வரை ஒரு ரேகாஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு, அனுப்பி, இடையில் சுவர் இருக்கிறதா என்று சோதியுங்கள். தூரத்திலோ இருட்டிலோ தெரிந்தால் சந்தேகம் மெல்ல ஏறட்டும். அருகில் தெரிந்தால் உடனே நிரம்பட்டும். ஆட்டக்காரர் மறைந்த பிறகு, அவர் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்லாமல் கடைசியாகக் கண்ட இடத்துக்குக் காவலர் சென்று, சுற்றுமுற்றும் தேடி, கிடைக்காவிட்டால் முணுமுணுத்தபடி திரும்ப வேண்டும். தன்னால் அவரை ஏமாற்ற முடிந்தது என்று உணரும் கணத்தில்தான், எதிரே இருப்பவருக்கும் ஒரு மனம் உண்டென்று ஆட்டக்காரர் நம்பத் தொடங்குகிறார்.

அடுத்தது, காவலர் என்ன நினைக்கிறார் என்பது வெளியே தெரிய வேண்டும். மோனோலித் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட எஃப்.இ.ஏ.ஆர். விளையாட்டின் எதிரிகளை இன்றும் புகழ்கிறார்கள். அவர்களுக்கான திட்டமிடும் முறையை வடிவமைத்த ஜெஃப் ஆர்கின், அந்தப் புகழில் வசனங்களுக்கும் பங்குண்டு என்பதை அடுத்த ஆண்டே விளக்கினார். தனியே மிஞ்சிய வீரன் கூடுதல் படை வேண்டும் என்று கத்துவான். உண்மையில் அந்த விளையாட்டில் படையை வரவழைக்கும் ஏற்பாடே கிடையாது. சற்று முன்னேறி வேறு எதிரிகளைச் சந்திக்கும் ஆட்டக்காரர், அழைத்த படைதான் வந்திருக்கிறது என்று தாமாகவே முடிவு செய்துகொள்வார்! ஒரு வரி ஒலிப்பதிவு செய்த இந்த வேலையை, வாரக்கணக்கில் எழுதிய நிரலாலும் சில வேளை செய்ய முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். ஹேலோ என்ற சுடும் விளையாட்டை உருவாக்கிய பன்ஜி நிறுவனத்தார், எதிரிகளின் நிரலை மாற்றாமல் அவர்கள் தாங்கும் அடியின் அளவை மட்டும் கூட்டியபோது, சோதித்துப் பார்த்தவர்கள் அந்த எதிரிகளையே அதிக அறிவாளிகள் என்று மதிப்பிட்டதைக் கண்டார்கள். ஒரே குண்டில் விழுந்துவிடும் எதிரிக்குத் தன் திறமையைக் காட்ட நேரம் ஏது?

கேள்வி: "ஏலியன்: ஐசோலேஷன்" விளையாடுகிறேன். அதில் என்னை வேட்டையாடும் வேற்றுக்கிரக ஜந்து என் பழக்கங்களைக் கற்றுக்கொள்வது போலத் தோன்றுகிறது. உண்மையிலேயே கற்கிறதா? *(வாசகர், திருச்சி)*

பதில்: நாம் பொதுவாகக் கற்றல் என்று சொல்லும் பொருளில் இல்லை. 2014-இல் வெளியான அந்த விளையாட்டில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. மேலே உள்ள "இயக்குநர்" அடுக்குக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். கீழே உள்ள ஜந்துவுக்குத் தெரியாது. இயக்குநர் "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று தோராயமாக ஒரு குறிப்புக் கொடுக்கும். தேடிக் கண்டுபிடிப்பது ஜந்துவின் பாடு. அச்சம் அளவு மீறினால் அதே இயக்குநர் ஜந்துவைக் காற்றுக்குழாய்களுக்குள் அனுப்பி உங்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஜந்துவின் பிஹேவியர் ட்ரீயில், அதாவது எப்போது என்ன செய்வது என்பதைக் கிளை கிளையாக அடுக்கிய அமைப்பில், சில கிளைகள் தொடக்கத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. விளையாட்டு நகர நகர அவை திறக்கப்படுவதைத்தான் நீங்கள் கற்றலாகக் காண்கிறீர்கள்.

மெய்யாகவே கற்ற பாத்திரங்களும் உண்டு. 1996-இல் ஸ்டீவ் கிராண்ட் உருவாக்கிய கிரியேச்சர்ஸ் என்ற வளர்ப்பு விளையாட்டில் ஒவ்வொரு உயிரிக்கும் சிறிய நரம்பு வலையமைப்பும், ஹார்மோன்களைப் போன்ற வேதியியலும், குட்டிகளுக்குக் கைமாறும் மரபணுவும் இருந்தன. 2001-இன் பிளாக் அண்ட் ஒயிட்டில் உங்கள் வளர்ப்பு விலங்கைத் தடவிக் கொடுத்தும் அடித்தும் பழக்க முடிந்தது. இரண்டும் போற்றத்தக்க முயற்சிகள். எனினும், அடி எதற்காக விழுந்தது என்று விலங்கு புரிந்துகொண்டதா என்பதை ஆட்டக்காரரால் எளிதில் அறிய முடியாது. வளர்ப்பு விளையாட்டில் அந்த மயக்கமே சுவை, போர் விளையாட்டில் அது வெறும் எரிச்சல்.

ஆகவே என் ஓட்டு 2015-இல் வந்த ஐந்தாம் மெட்டல் கியர் சாலிடுக்கு. தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் சில நாட்களில் எதிரிகள் தலைக்கவசம் அணிந்து வருவார்கள். இரவில் மட்டுமே தாக்கினால் இருளில் பார்க்கும் கருவி அவர்கள் கைக்கு வந்துவிடும். பின்னணியில் இருப்பது எண்ணிக்கைதான், ஆனால் காரணமும் விளைவும் கண்ணுக்கு நேரே தெரிகின்றன. அந்தத் தளவாடங்களின் வரத்தைத் தடுக்க ஆட்களை அனுப்பவும் உங்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்டேட் மெஷின், பிஹேவியர் ட்ரீ, பிளானர் ஆகியவற்றுள் எதை முதலில் கற்பது? *(வாசகி, யாழ்ப்பாணம்)*

பதில்: ஸ்டேட் மெஷினை. காவல், தேடல், துரத்தல் போன்ற நிலைகளில் ஏதேனும் ஒன்றில் பாத்திரம் இருந்து, தேவைப்படும்போது மற்றொன்றுக்குத் தாவும் முறை அது. நான்கைந்து நிலைகள் உள்ள பாத்திரத்துக்கு அதுவே போதும். நிலைகளும் அவற்றுக்கிடையேயான தாவல்களும் பெருகித் தலை சுற்றும்போது, 2004-இல் ஹேலோ 2 வழியே பரவலாக அறியப்பட்ட பிஹேவியர் ட்ரீக்கு மாறுங்கள். இலக்கைக் கொடுத்தால் அதை அடையும் படிகளைத் தானே அடுக்கிக்கொள்ளும் பிளானர் அதன் பிறகு. அதன் வேர் 1971-ஆம் ஆண்டின் ஸ்டிரிப்ஸ் என்ற தானியங்கித் திட்டமிடல் ஆய்வில் இருக்கிறது. நுட்பம் பெரிதாக இருந்தால்தான் குணம் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். 1980-இன் பேக்-மேனில் சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, பேக்-மேனுக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சு நிறத்தது தூரத்திலிருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பும். ஒன்று முரடு, ஒன்று தந்திரம், ஒன்று கோழை என்று நாம் பெயர் சூட்டுவதற்கு இவ்வளவு போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் வந்தபின் இவையெல்லாம் பழங்கதை ஆகிவிடாதா? *(வாசகர், சென்னை)*

பதில்: உரையாடலில் பெரிய மாற்றம் வரும், மற்றவற்றில் ஐயம்தான். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் ஒரு சிற்றூரில் 25 பாத்திரங்களை மொழி மாதிரியைக் கொண்டு இயக்கினார்கள். ஒவ்வொன்றும் கண்டதையும் கேட்டதையும் வாக்கியங்களாகச் சேமித்து, அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகிய மூன்றையும் எடைபோட்டு வேண்டியதை நினைவுக்குக் கொண்டுவந்தது. காதலர் தின விருந்து நடத்தும் எண்ணத்தை ஒரே பாத்திரத்திடம் விதைத்தார்கள்; அழைப்பு வாய்வழியாகப் பரவி மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான் கிடைக்கும். மாதிரியின் பதிலுக்கோ நொடிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கதையில் இல்லாத அரண்மனையைப் பற்றி அது தன்போக்கில் பேசிவிடும் தொல்லையும் உண்டு. என்ன செய்வது என்பதை விளையாட்டின் விதிகளே முடிவு செய்து, அதை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் மாதிரியிடம் விடுவதே இப்போதைக்குப் பத்திரமான வழி.

கேள்வி: ஒரு பாத்திரம் மனிதரைப் போல விளையாடுகிறதா என்று அளக்க முடியுமா? *(வாசகர், மதுரை)*

பதில்: அளந்திருக்கிறார்கள். பாட்பிரைஸ் என்ற போட்டியில், அன்ரியல் டூர்னமென்ட் 2004 விளையாட்டில் எதிரே மோதுவது மனிதரா நிரலா என்று நடுவர்கள் சொல்ல வேண்டும். 2012-இல் இரண்டு நிரல்களை 52 விழுக்காடு முறை மனிதர் என்றே மதிப்பிட்டார்கள். கலந்துகொண்ட மனிதர்களின் சராசரியோ 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. வென்ற இரண்டில் ஒன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உருவானது. வழியில் சிக்கிக்கொண்டால், மனிதர்கள் நடந்த பதிவுகளைப் பார்த்து விடுபடும். மிரர்பாட் என்ற மற்றொன்று, எதிரே இருப்பவரின் அசைவுகளைச் சிறிது தாமதித்துத் திருப்பிச் செய்தது.