கார்பன் டாட் சென்சார் வடிநீரில் இரும்பைக் காட்டுகிறது, போர் தண்ணீரில் காட்டவில்லையே, ஏன்?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டையமினும் சேர்த்து ஆட்டோகிளேவில் (அழுத்தத்தில் சூடாக்கும் கலன்) செய்த கார்பன் டாட் (புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும் கார்பன் நானோ துகள்), வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) ஃபெரிக் அயனி (Fe³⁺) விட்டதும் ஒளி மங்குகிறது. வேளச்சேரி போர் தண்ணீரில் அசையவே இல்லை. டாட் சரியில்லையா?

பதில்:

டாட் மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நிலத்தடியில் ஆக்சிஜன் குறைவு. இரும்பு பெரும்பாலும் ஃபெரஸாகத்தான் (Fe²⁺) மேலே வரும். பக்கெட்டில் பிடித்த தெளிந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி அடியில் கறை படிகிறதே, அதுதான் ஃபெரிக் ஹைட்ராக்சைடு. முதலில் ஃபெரஸ், பிறகு கரையாத படிவு. உங்கள் டாட் தேடும் கரைந்த ஃபெரிக் இரண்டு கட்டத்திலும் இல்லை.

ஆகவே பிடித்தவுடனே 100 மி.லி.க்கு 0.2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் விடுங்கள். பிஎச் 2-க்குக் கீழே வந்ததா என்று தாளில் பாருங்கள். கடினத் தண்ணீர் என்றால் இன்னும் சில சொட்டு கேட்கும். இரண்டு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, 15 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் மறுபடி 100 மி.லி. ஆக்குங்கள். கொதி போதாவிட்டால் மிஞ்சிய பெராக்சைடே டாட்டை வெளுக்க வைத்துவிடும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினும் அதையே செய்யும். அதைப் போக்க தயோசல்ஃபேட் போடாதீர்கள். அது ஃபெரிக்கைத் திரும்ப ஃபெரஸாக்கிவிடும்.

குவெட்டில் (ஒளிர்வை அளக்க மாதிரியை ஊற்றும் சிறு கலம்) 1 மி.லி. மாதிரி, 1.8 மி.லி. கிளைசின் பஃபர் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்; 0.2 மோலார், பிஎச் 3), 0.2 மி.லி. டாட் கரைசல். கலந்த பின் பிஎச் 3 நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிஎச் 7-இல் ஃபெரிக் கரைசலில் நிற்காது. பாஸ்பேட் பஃபரில் இரும்பு பாஸ்பேட்டாகப் படியும். பிஎச் 3-இல் டாட்டின் ஒளிர்வும் கொஞ்சம் குறையும் என்பதால் அளவுக்கோட்டையும் (தெரிந்த இரும்பு அளவுகளுக்கு ஒளிர்வு எவ்வளவு என்று காட்டும் கோடு) அதே பஃபரில்தான் போட வேண்டும். ஃபெரிக் குளோரைடு ஸ்டாக்கை 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். வெறும் தண்ணீரில் வைத்தால் கலங்கிப்போகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு என்பது சுமார் 18 மைக்ரோமோலார். குவெட்டில் அது 6 ஆகிவிடும். கோடு அந்த அளவைச் சுற்றி இருக்கட்டும்.

அடுத்தது, பல ப்ராஜெக்ட்டுகள் வழுக்கும் இடம். ஃபெரிக் தானே புற ஊதா ஒளியை உறிஞ்சும். 360 நானோமீட்டரில் தூண்டுகிறீர்கள், ஒளிர்வு 100-இலிருந்து 60-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். இரும்பு சேர்த்ததால் கூடிய உறிஞ்சல் 360-இல் 0.30, டாட் ஒளிரும் 440-இல் 0.04 என்றால், இரண்டின் சராசரி 0.17, பத்தின் அடுக்காக எடுத்தால் 1.48. அறுபதை அதால் பெருக்க 89 வருகிறது. அதாவது 40 சதவீத மங்கலில் 29 வெறும் நிழல், இரும்பு ஒளியை உறிஞ்சியதால் வந்தது. டாட்டோடு இரும்பு ஒட்டியது என்று அதை வைத்து வைவாவில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். டாட்டின் உறிஞ்சலையும் 360-இல் 0.1-க்குக் கீழே வையுங்கள்.

தண்ணீரிலுள்ள ஹியூமிக் பொருள்களும் (மக்கிய இலைதழையிலிருந்து வருபவை) நீலமாக ஒளிரும். டாட் இல்லாத மாதிரியை அளந்து கழியுங்கள், தெரிந்த அளவு இரும்பு சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது (மீட்பு) என்று பாருங்கள். ஒப்பிட, ஃபெரஸோடு சேர்ந்து சிவப்பாகும் ஃபினாந்த்ரோலின் முறை, 510 நானோமீட்டர், போதும். ஐசிபி (பிளாஸ்மா வைத்து உலோகத்தை அளக்கும் கருவி) வேண்டுமானால் ஐஐடி மெட்ராஸின் பொதுக் கருவி மையமான எஸ்ஏஐஎஃப்-இல் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம்.

கடைசியாக, டாட்டைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பைக்கு (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) வெளியே உள்ள தண்ணீரை 365 நானோமீட்டர் டார்ச்சில் பார்த்தீர்களா? சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டையமினும் சேர்ந்தால் இமிடசோபிரிடின் வகைச் சிறு மூலக்கூறு ஒன்றும் உண்டாகும், பளீரென்று நீலமாக ஒளிரும், பையைத் தாண்டி வெளியேறும். வெளித் தண்ணீர் ஒளிராத வரைக்கும் மாற்றுங்கள். பிறகு பையில் மிஞ்சியதை வைத்துக் கோட்டை மறுபடி போடுங்கள்.